மாடிப் பட்டறையும் கீழ்வீட்டுக் கதவும்

பதினெட்டு வருடங்களாக நான் சுத்தியல்களை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ராயபுரத்தில், துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குச் சுங்கப் பத்திரங்கள் தயாரித்துக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் எனக்கு வேலை. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, எத்தனை இருக்கிறது, எவ்வளவு எடை என்று பட்டியல் போடவேண்டும். பொம்மைகள் வரும், டைல்ஸ் வரும், சில வாரங்களில் கன்டெய்னர் நிறையக் கருவிகள் வரும். டிரில்லிங் மெஷின், ரம்பம், ஸ்பேனர் செட், இழைப்புளி. பெயரும் எடையும் எனக்கு மனப்பாடம். ஒன்றைக்கூடக் கையில் பிடித்துப் பார்த்ததில்லை.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்றுதான் இருந்தேன். மகள் கல்யாணமாகி ஓசூருக்குப் போன பிறகு, மாலையில் வீட்டுக்கு வந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் போனில் மரவேலை வீடியோக்கள் பார்க்க ஆரம்பித்தேன். எங்கோ ஒரு குளிர் ஊரில் தாடி வைத்த ஒருவர், ஒரு வார்த்தை பேசாமல், பலகையை இழைத்து இழைத்து ஒரு முக்காலி செய்வார். நாற்பத்தேழு வயதில் எனக்கு அந்த முக்காலி வேண்டும் என்று தோன்றவில்லை. அந்த இழைப்புளி வேண்டும் என்று தோன்றியது. வியாதி அங்கேயே தெரிந்துவிட்டது; எனக்குத்தான் புரியவில்லை.

நாங்கள் இருப்பது திருவொற்றியூரில், கடலுக்கு மூன்று தெரு இந்தப் பக்கம். கீழே வீட்டின் சொந்தக்காரி, மேலே குடித்தனமாக நாங்கள், அதற்கும் மேலே மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஓர் அறை. சொந்தக்காரியைத் தெருவே பாயம்மா என்றுதான் கூப்பிடும். வண்ணாரப்பேட்டையில் அவர்களுக்கு லுங்கி வியாபாரம். கணவர் இறந்த பிறகு மகன்கள் கடையைப் பார்த்துக்கொள்ள, அவர் இந்த வீட்டையும் எங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். மாடி அறையில் உடைந்த ஏர்கூலர் ஒன்றைத் தவிர எதுவும் இல்லை. அதைக் கேட்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கிப் போனேன்.

"ரூமு இன்னாத்துக்கு? ஊர்லேருந்து யாராச்சும் வராங்களா?"

"இல்ல பாயம்மா. மரவேல செய்யலாம்னு."

"யாரு, உன் வூட்டுக்காரரா?"

"நான்தான்."

என் கைகளை ஒருமுறை பார்த்தார். "செஞ்சி விக்கப் போறியா?"

"இல்ல. சும்மாதான்."

"சும்மாவா," என்று அந்தச் சொல்லை ருசி பார்ப்பதுபோலச் சொன்னார். அவருக்கு மட்டுமில்லை, எங்கள் தெருவில் யாருக்கும் அது விளங்கவில்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் வெல்டர், லேத் வேலைக்காரர், படகு எஞ்சின் மெக்கானிக் என்று யாராவது ஒருவர் இருப்பார். கருவியைப் பிடிப்பவர்களுக்குக் கூலி உண்டு. கூலி இல்லாமல், அதுவும் சொந்தச் செலவில் கருவியைப் பிடிப்பதற்கு எங்கள் பக்கம் பெயர் இல்லை.

பாயம்மா அறையைக் கொடுத்தார். கூடவே நிபந்தனைகளையும் கொடுத்தார். தொழுகை நேரத்தில் சத்தம் கூடாது. மத்தியானம் அவர் தூங்கும்போது கூடாது. சாயங்காலம் சீரியல் ஓடும்போது கூடாது. சுவரில் ஆணி அடிக்கவே கூடாது. கணக்குப் பார்த்தால் ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை நான் ஒரு கைவினைக் கலைஞர்.

என் வீட்டுக்காரர் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். இருபத்தாறு வருடமாக பம்புகளையும் வால்வுகளையும் கழற்றி மாட்டுகிற கை. ஆனால் வீட்டில் ஒரு பல்பு மாற்றமாட்டார். அலமாரிக் கதவு ஒன்று மூன்று வருடமாக ஒரே கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டால், "வூட்டுக்கு வந்து ஸ்க்ரூ டிரைவர் புடிச்சா இன்னொரு ஷிஃப்ட் ஸ்டார்ட் ஆன மாரி கீது" என்பார். முதல் டிரில்லிங் மெஷின் பார்சலில் வந்தபோது, சாப்பிட்டுக்கொண்டே பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படித்தார்.

"இன்னாமே, நூத்தியெட்டு பீஸா?"

"ஆமா. எல்லா சைஸ் பிட்டும் இருக்கு."

"நான் கம்பெனில மூணு பிட்ட வெச்சிகினு ஓட்றேன்," என்றார். அதோடு பேச்சை முடித்து ரசம் கேட்டார்.

துளை போடும் அந்த நூற்றியெட்டு பிட்டுகளில் இன்றுவரை நான் பயன்படுத்தியது நான்கு. அவரிடம் இதைச் சொல்லவில்லை.

பெஞ்ச் வைஸ் வாங்கப் போன கதைதான் என்னை அலுவலகத்தில் பிரபலமாக்கியது. பலகையை அசையாமல் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பிடி அது. வீடியோக்காரர் அது இல்லாமல் எதையும் தொடுவதில்லை. பாரிமுனைக்குப் பின்னால் பழைய கருவிகள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் எனக்குப் பின்னால் யாராவது ஆண் வருகிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா?" என்றார்.

"எனக்குத்தான்."

"வூட்டுக்காரரு இன்னா வேல?"

வாய் தவறி, "ஃபிட்டர்" என்றேன்.

"அப்ப அவர அனுப்பு. பாத்து எடுத்துக்குவாரு."

அரை மணி நேரம் நின்று, எடையையும் பலகையைக் கவ்வும் தாடையின் அகலத்தையும் சுங்கப் பட்டியலில் எழுதுகிற தோரணையில் ஒப்பித்த பிறகுதான் ஒன்றை எடுத்துக் காட்டினார். காய்கறிபோலத் தராசில் வைத்து நிறுத்து, பழைய கோணியில் சுற்றிக் கொடுத்தார். பதினொரு கிலோ. அதை மடியில் வைத்துக்கொண்டு திருவொற்றியூர் பஸ்ஸில் உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்து தட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"வைஸு."

"லக்கேஜ் போடணும்."

"பொம்பளைங்களுக்கு ஃப்ரீதானே?"

"உனக்கு ஃப்ரீ. இத்துக்கு இல்ல. இத்த ஆம்பளன்னு வெச்சிக்கோ," என்று டிக்கெட்டைக் கிழித்து என் கையில் கொடுத்தார். பக்கத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, இறங்கும்வரை அந்த ஆம்பளையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த சங்கதி தெரிந்தது. வைஸை முடுக்க ஒரு மேஜை வேண்டும். மேஜை செய்வதற்குப் பலகையைப் பிடித்துக்கொள்ள வைஸ் வேண்டும். தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்கிலிருந்து, சரக்கு அடுக்கி வரும் மரத்தட்டுகளின் பலகைகளை வாங்கி வந்தேன். அவற்றின் மேல் குத்தியிருக்கும் முத்திரைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பூச்சி இல்லை என்று சான்றிதழ் டைப் அடித்தவளே நான்தான். ஒரு காலால் பலகையை மிதித்துக்கொண்டு, ஏர்கூலர் மேல் வைத்து அறுத்து, ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மேஜை செய்தேன். பூச்சி இல்லை. ஆட்டம் இருந்தது. ஒரு காலுக்கடியில் பழைய பட்டியல் ஒன்றை எட்டாக மடித்து வைத்தேன்.

மேஜைக்குப் பிறகு கருவிகளை மாட்ட ஒரு சட்டம் செய்தேன், சுவரில் ஆணி கூடாது என்பதால் தரையில் நிற்கும்படி. பிறகு பிட்டுகளுக்கு ஒரு பெட்டி. பிறகு உளிகளுக்கு ஒரு தாங்கி. அலுவலகத்தில், "இதுவரைக்கும் இன்னா செஞ்சீங்க?" என்று கேட்பார்கள். யோசித்துப் பார்த்தால், கருவிகளைக் கொண்டு நான் செய்தது எல்லாமே கருவிகளுக்காகத்தான். அலமாரிக் கதவு ஒரே கீலில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

இதற்கிடையில் கடல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் உப்புக்காற்றுக்கு ஜன்னல் கம்பியே நிற்காது. வீடியோக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. மாதம் ஒன்று ஆவதற்குள் ரம்பத்தில் பழுப்பு நிறத்தில் பொரி பொரியாகத் துரு படிந்துவிட்டது. நான் பதறிப்போய் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய் தடவினேன். ஒரு வாரத்தில் எல்லாமே பிசுபிசுவென்று ஒட்ட ஆரம்பித்தன, எறும்பும் வந்தது. என் வீட்டுக்காரர் துணி காயப்போட மேலே வந்தவர், வாசலில் நின்று மோந்து பார்த்தார்.

"இன்னா, முறுக்கு சுடப்போறியா?"

"துருப்பிடிக்குது."

"மெஷின் ஆயில் போடணும். இத்தப் போட்டா பேஜாராய்டும்," என்றார். உள்ளே வரவில்லை.

அந்த வருட மழை வந்தபோது எங்கள் நிலைமை இதுதான்: மேலே துருப்பிடித்த ஒரு பட்டறை, கீழே ஒரு பழைய வீடு. இரண்டு நாள் விடாமல் பெய்தது. அலுவலகத்துக்கு விடுமுறை. எண்ணூர் சாலையில் தண்ணீர் நின்றதால் என் வீட்டுக்காரர் தொழிற்சாலையிலேயே மாட்டிக்கொண்டார். கரண்ட்டை முதல் நாளே நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் நாள் காலை ஆறு மணி இருக்கும், போன் அடித்தது. பாயம்மா.

"கண்ணு, கொஞ்சம் கீழ வா. உள்ரூம் கதவு தொறக்கல. தண்ணி வேற உள்ள வந்துகினு கீது."

இறங்கிப் போனேன். பாலுக்காகத் திறந்து வைத்த வாசல் கதவு அப்படியே இருந்தது. கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர், அதில் அவருடைய செருப்பு ஒன்று மட்டும் மிதந்துகொண்டிருந்தது. தொழுவதற்காக உள்ளறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். ஈரத்தில் கதவு ஊதி, மேல் தாழ்ப்பாள் சட்டத்துக்குள் இறுகிவிட்டது.

"கையால இழுத்தேன், வரல. டிவி ரிமோட்டால தட்டினேன். ரிமோட்தான் ஒடஞ்சிது."

"கட்டில் மேல ஏறி உக்காருங்க பாயம்மா."

"ஏறித்தான் உக்காந்துகீறேன். மாத்திரதான் அங்க ஃப்ரிட்ஜ் மேல கீது. சுகரு, துன்னாம இருந்தா தல சுத்தும்."

தோளால் மோதிப் பார்த்தேன். கதவு என்னைக் கவனிக்கவே இல்லை. அப்போது, மனசாட்சியோடு சொல்கிறேன், எனக்குள் பயத்தோடு இன்னொன்றும் எழுந்தது. மேலே ஒரு முழுப் பட்டறை இருக்கிறது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினேன்.

டிரில்லிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு பாதிப் படி இறங்கிய பிறகுதான் கரண்ட் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. நூற்றியெட்டு உருப்படிகளையும் படியிலேயே வைத்துவிட்டுத் திரும்ப ஏறினேன். அடுத்து எடுத்தது மின்சார ரம்பம். அதுவும் அப்படித்தான். மூன்றாவது முறை சுத்தியல், இரண்டு உளி, கை ரம்பம், ஒரு மெழுகுவத்தி.

கீல்கள் உள்பக்கம் இருந்தன. கழற்ற வழியில்லை. கதவில் மேலே பூ வேலை செய்த ஒரு பலகை, கீழே வெறும் பலகை ஒன்று.

"பாயம்மா, கீழ் பலகைய அறுத்துட்டு உள்ள வரேன்."

"அது தேக்கு," என்றார். "என் மாமனாரு வாங்கி வெச்ச கதவு."

"தெரியும். வேற வழி இல்ல."

"சுத்தியால தட்டிப் பாரேன்."

"தட்டினேன். தாழ்ப்பா உங்க பக்கம் இருக்கு."

"இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம். தண்ணி வடிஞ்சாலும் வடியும்."

"மாத்திர?"

"சரி, அறு. மேல பூவத் தொடாத. அத்தத் தொட்ட, வூட்ட காலி பண்ணிட்டு போய்கினே இரு."

பலகையின் ஓரத்தில் உளியை வைத்து அடித்தேன். முதல் நான்கு அடியில் ஒன்று என் கட்டைவிரலில். கைவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்ததும் ரம்பத்தை நுழைத்தேன். தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் சேர்ந்து அது நகரவே மறுத்தது. மெழுகுவத்தியை எடுத்து இரண்டு பக்கமும் தேய்த்தேன். அதற்குப் பிறகு நகர்ந்தது. முழங்காலைத் தண்ணீரில் ஊன்றி, நெற்றியைக் கதவில் முட்டுக்கொடுத்து, அறுத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. நாலாவது பக்கமும் அறுந்து, பலகை தண்ணீரில் பொத்தென்று விழுந்தது. அந்தப் பொந்துக்குள் தலையை நுழைத்தபோது, கட்டில் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த பாயம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுதாரா, வியர்வையா என்று கேட்கவில்லை.

உள்ளே ஊர்ந்து போய், எழுந்து நின்று, சுத்தியலால் தாழ்ப்பாளின் குமிழை மேலிருந்து கீழே மூன்று தட்டு தட்டினேன். சரக்கென்று இறங்கியது. கதவு திறந்தது.

பாயம்மா திறந்த கதவையும், அதன் கீழ்ப் பாதியில் இருந்த பொந்தையும், என் கையில் இருந்த சுத்தியலையும் வரிசையாகப் பார்த்தார். அப்புறம் கட்டிலை ஒட்டியிருந்த ஜன்னலைப் பார்த்தார். பக்கத்துச் சந்தில் திறக்கும் ஜன்னல். கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு கை தாராளமாக நுழையும்.

"இந்த சுத்திய அந்த ஜன்னலாண்ட வந்து என் கைல குடுத்திருந்தா, நானே தட்டியிருப்பேனே," என்றார்.

வீட்டில் ஒரே ஒரு சுத்தியல் மட்டும் இருக்கிற எவளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். என்னிடம் பட்டறையே இருந்தது.

அவரை மாடிக்குக் கூட்டிப் போய், மாத்திரை கொடுத்து, ரவை உப்புமா கிளறிக் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே மகன்களுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். ஜன்னல் விஷயத்தை இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

மூன்றாம் நாள் மாலை, தண்ணீர் வடிந்த பிறகு, என் வீட்டுக்காரர் பேண்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பாயம்மா வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டார்.

"வாப்பா. உன் பொண்டாட்டி என் கதவ இன்னா பண்ணிகீறா, பாரு."

அவர் உள்ளே போய்க் குந்தி உட்கார்ந்து, அறுத்த ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை. ஏதோ கிண்டல் வரப்போகிறது என்று நான் படிக்கட்டில் நின்றேன்.

"கை ரம்பமா?" என்றார்.

"ஆமா."

"நேரா வந்துகீது," என்றார்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் என் சமையலைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ அவர் இவ்வளவு பேசியதில்லை. சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

கதவுக்குப் புதுப் பலகை போட வேண்டியது என் பொறுப்பு ஆனது. அறுத்த பலகை தண்ணீரில் கிடந்து இரண்டாகப் பிளந்திருந்தது. மேஜைக்குப் போட்ட மரத்தட்டுப் பலகையே போடட்டுமா என்று கேட்டதற்கு, "கலீஜா இருக்கும். தேக்குதான் வோணும்" என்றார் பாயம்மா. இடித்த வீடுகளின் மரச்சாமான் விற்கும் கடைக்கு என் வீட்டுக்காரரே கூட வந்தார். நான் கூப்பிடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். பழைய ஜன்னல் கதவு ஒன்றிலிருந்து தேவையான பலகை கிடைத்தது. அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாக மாடி அறைக்குள் காலெடுத்து வைத்தார். மேஜையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். எட்டாக மடித்த காகிதத்தைக் குனிந்து பார்த்தார். எழுந்தார். அதைப் பற்றி ஒன்றும் சொல்லாதது பெரிய மனசு.

சண்டை அதற்குப் பிறகு. பலகையைச் சட்டத்தில் பொருத்தும்போது சுற்றிலும் மயிரிழை இடம் விடவேண்டும், மழைக்கு மரம் ஊதும் என்றேன். வீடியோவில் பார்த்தது.

"கேப் வுட்டா அது ஃபிட்டிங்கே இல்ல," என்றார்.

"இது இரும்பு இல்ல."

"இருபத்தாறு வருஷம் நான் இன்னா புல்லு புடுங்கிகினு இருந்தனா?"

"அந்தக் கதவு ஏன் மாட்டிச்சி? இடம் இல்லாமதானே?"

அவர் பலகையை என் கையில் திணித்தார். "சரி, வுடு. நீதான் அறுத்த, நீயே வெய்யி," என்று ஏர்கூலர் மேல் போய் உட்கார்ந்துகொண்டார். ஆனால் கீழே இறங்கிப் போகவில்லை. நான் இழைத்தேன். ஒவ்வொரு பத்து இழைப்புக்கும் ஒருமுறை தன் பையிலிருந்த இரும்பு மூலைமட்டத்தை எடுத்து, கேட்காமலே வைத்துப் பார்த்து, "இந்தாண்ட" என்று விரலால் காட்டினார்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பலகை ஏறியது. நிறம் ஒட்டவில்லை, கதவு மாநிறம், என் பலகை சிவப்பு. பாயம்மா அதைப் பாலிஷ் போட்டு மறைக்க விடவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். "இவதான் அறுத்தா, இவளேதான் வெச்சா," என்பார், பிறகு ஜன்னலையும் காட்டுவார். விளைவாக இப்போது தெருவில் உடைந்த முக்காலி, கழன்ற ஸ்டூல் எல்லாம் எங்கள் மாடிக்கு வருகின்றன. கூலி எவ்வளவு என்று கேட்கிறார்கள். வேண்டாம், சும்மாதான் என்றால் சந்தேகமாகப் பார்த்துவிட்டு எடுத்துப் போய்விடுகிறார்கள். கூலி வாங்காதவளின் வேலை நிற்காது என்று நினைப்பு. டீத்தூள், மீன் என்று ஏதாவது வாங்கிக்கொள்ளப் பழகிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் இப்போது விடுமுறை நாட்களில் மேலேதான் இருக்கிறார். எல்லாக் கருவிகளுக்கும் மெஷின் ஆயில் போட்டுத் துடைத்தார். தொழிற்சாலையில் இருப்பதுபோல ஒவ்வொன்றும் மாட்டும் இடத்தில் அதன் உருவத்தைப் பெயின்டால் வரைந்துவிட்டார். உளியை இடம் மாற்றி வைத்தால் மேலதிகாரிபோல என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். அலுவலகத்திலிருந்து தப்பிக்க நான் கட்டிய இடத்தில் எனக்கு இன்னொரு மேலதிகாரி.

போன மாதம் ஒருநாள் பாயம்மா வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பேச்சு மறுபடி அந்தக் காலைக்குப் போனது.

"நீ அறுத்துகினு இருந்தப்ப நான் உள்ளேருந்து கூப்டுகினே இருந்தேன், தெரியுமா? நாலஞ்சு தபா கூப்டேன். நீ பதிலே சொல்லல. பயந்துட்டியோன்னு நெனச்சேன்."

உண்மை எனக்குத் தெரியும். மெழுகு தேய்த்த பிறகு ரம்பம் தேக்குக்குள் இறங்கிய அந்தச் சத்தம், தண்ணீரில் பொன்னிறமாக மிதந்த தூள், அந்த வாசனை. கோடு வளையாமல் போகிறதா என்பதைத் தவிர உலகத்தில் எனக்கு வேறொன்றும் இல்லை. கதவுக்குப் பின்னால் சர்க்கரை நோயுள்ள ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருக்கிறார் என்பதை, ஒரு கால் மணி நேரமாவது இருக்கும், நான் சுத்தமாக மறந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் இருந்ததாக ஞாபகமில்லை.

"ஆமா பாயம்மா," என்றேன். "ரொம்ப பயந்துட்டேன்."

"பாவம்," என்று என் தலையைத் தடவிவிட்டு, இன்னொரு டம்ளர் டீ ஊற்றினார்.